செல்ப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: பழைய காரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மார்கழி மழை விட்ட ஒரு விடியற்காலை. படுவான்கரையில் மாமா வீட்டு முற்றம். அம்மாவுக்கு அன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கிளினிக். 1996ஆம் ஆண்டு தயாரிப்பான மாமாவின் ஜப்பான் காரில் ஏறி உட்கார்ந்தோம். சாவியைத் திருப்பினார். செல்ப் நன்றாகவே அடித்தது. எஞ்சின் பிடிக்கவில்லை. திரும்பவும் அடித்தார். பத்தாவது தடவையில் செல்ப்பின் சத்தமும் சோர்ந்துவிட்டது. அயலவர்கள் வந்து தள்ளினார்கள். கார் முற்றத்தைத் தாண்டி ஒழுங்கைக்குப் போனதே தவிர, எஞ்சின் உயிர்பெறவில்லை. அம்மாவை ஓட்டோவில் ஏற்றிவிட்டோம்.

அடுத்த இரண்டு நாட்களில் ஒரு கராஜ்காரர் வந்து புதுப் பற்றரி போட்டார். பிறகு கொயிலை மாற்றினார். பிறகு பிளக்குகளை மாற்றினார். மொத்தம் 51,500 ரூபா. கார் அப்படியே நின்றது. மூன்றாம் நாள், வயதான இன்னொரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தோம். அவர் கால் மணித்தியாலத்தில் கோளாறைக் கண்டுபிடித்தார். பின் இருக்கைக்குக் கீழே, பெற்றோல் பம்ப்பின் எர்த் வயர் கார் உடலில் இறுக்கப்பட்ட இடம் உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்தது. சுரண்டித் துடைத்து, புது நட் போட்டு இறுக்கினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது.

முதலாமவருக்கு வேலை தெரியாது என்று சொல்ல மாட்டேன். அவர் காரிடம் கேட்காமல் ஊகித்தார். இரண்டாமவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது.

ஏன் இது இப்போது தேவை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை எங்கள் மாவட்டத்தில் பெரும்பாலானோருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே இருபத்தைந்து, முப்பது வயதுக் கார்களும் வான்களும் இன்னும் பல வருடங்கள் எங்கள் வீதிகளில் ஓடத்தான் போகின்றன. படுவான்கரைக் கிராமங்களில் ஒரு வீட்டில் நிற்கும் கார் அந்த வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. பிரசவத்துக்கும் பாம்புக் கடிக்கும் பரீட்சைக்கும் அயலே அதை நம்பியிருக்கிறது. போரில் கணவனை இழந்து, அவர் விட்டுப்போன வானை வாடகைக்கு ஓடவிட்டுப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அந்த வான் நின்றால் அந்த வீட்டின் வருமானமும் நிற்கிறது. கராஜில் சொல்லும் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டிய நிலைக்கு முதலில் தள்ளப்படுவதும் அவர்கள்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காரில் நோயாளி இருக்கும்போது இந்தச் சோதனைகள் எதையும் செய்துகொண்டிருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். காரைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு சொட்டுப் பெற்றோல் சொல்லும் கதை

மாமாவின் காரைத் திருத்தியவர் யாழ்ப்பாணத்தில் வேலை பழகியவர். கலியாணம் முடித்து மட்டக்களப்புக்கு வந்தவர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே பெற்றோல் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்க முடியாது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் ஆகாது. காரணம் எளிமையானது. சிலிண்டருக்குள் எரிவது திரவமல்ல, அதன் ஆவி. பெற்றோல் கடுங்குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கு ஏறக்குறைய 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அதனால் காபரேட்டருக்குள் சில சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள்.

தேவைக்காகச் செய்த அந்த வேலைக்குள் ஒரு பரிசோதனையும் ஒளிந்திருந்தது. சொட்டு விட்டதும் எஞ்சின் ஒரு தரம் இருமினால் நெருப்பு இருக்கிறது, எரிபொருள்தான் வந்து சேரவில்லை என்று பொருள். சொட்டு விட்டும் ஒரு இருமலும் இல்லை என்றால் நெருப்பைத் தேட வேண்டும். பல வருடங்களுக்குப் பிறகு, எரிபொருளைக் கணினி அளந்து கொடுக்கும் மாமாவின் காருக்கும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

ஏனென்றால், கார் எவ்வளவு புதிதானாலும் பழையதானாலும் பெற்றோல் எஞ்சினுக்குத் தேவை நான்கே விடயங்கள்: போதிய வேகத்தில் சுழற்சி, சரியான நேரத்தில் நெருப்பு, அளவான எரிபொருள், அடைத்து நசுக்கும் அழுத்தம். இந்த நான்கில் எது இல்லை என்று தெரியும்வரை ஒரு உதிரிப்பாகமும் வாங்க வேண்டாம்.

முதல் கேள்வி: சுழற்சி சரியா?

செல்ப் அடிக்கும் சத்தத்தைக் கேளுங்கள். "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றால், அல்லது இழுத்து இழுத்துச் சுழன்றால், பற்றரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, மீண்டும் இறுக்குங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும், பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும்.

மல்டிமீற்றர் ஒன்று இருந்தால் ஊகம் பாதி குறையும். ஓய்வில் இருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான் மீதி. செல்ப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பற்றரி சோர்ந்திருக்கிறது, அல்லது வயர் இணைப்பில் தடை இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சோர்ந்த பற்றரி செல்ப்பைச் சுற்றிவிடும், ஆனால் கொயிலுக்கும் கணினிக்கும் போதிய மின்சாரம் மிஞ்சாது. சுழல்கிறது என்பதற்காகப் பற்றரி நன்றாக இருக்கிறது என்று முடிவெடுக்கக் கூடாது.

சத்தம் வழமையை விட வேகமாக, தடையே இல்லாமல் "விர்" என்று ஒரே சீராகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். அது நான்காவது கேள்விக்குரிய அறிகுறி.

தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் செல்ப் அடிக்க வேண்டாம். அடித்தபின் அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள். செல்ப் வழமைபோல அடிக்கும் காரைத் தள்ளுவதால் பயனும் இல்லை. தள்ளுவது எஞ்சினைச் சுழற்றுவதற்கு மட்டுமே, அதைச் செல்ப் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

செலவில்லாமல் பார்க்கக்கூடியவை

அடுத்த கேள்விக்குப் போகுமுன் சாவியை ஸ்டார்ட் செய்யாமல் ஒன் நிலையில் வைத்து, டாஷ்போர்டைப் பாருங்கள்.

எஞ்சின் விளக்கு எரிகிறதா? எரிபொருளைக் கணினி கட்டுப்படுத்தும் கார்களில் அது எரிய வேண்டும். எரியாவிட்டால் கணினிக்கே மின்சாரம் போகவில்லை. பியூஸ்களையும் பிரதான றிலேயையும் பார்க்க வேண்டும். சாவி அல்லது பூட்டு அடையாள விளக்கு வேகமாக மினுங்கினால் திருட்டுத் தடுப்பு அமைப்பு எஞ்சினைத் தடுத்திருக்கலாம். மற்றச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பிறகு பூட்டிய அலாரம் இருந்தால் அதையும் சந்தேகியுங்கள்.

ஆர்.பி.எம். மீற்றர் உள்ள கார் என்றால், செல்ப் அடிக்கும்போது முள்ளைக் கவனியுங்கள். பல கார்களில் அது சற்று அசையும். அசையாமல் பூச்சியத்திலேயே கிடந்தால், எஞ்சின் சுழல்வதைக் கணினிக்கு அறிவிக்கும் சென்சரோ டிஸ்ரிபியூட்டரோ பேசாமல் இருக்கக்கூடும். இது உறுதியான தீர்ப்பல்ல, ஒரு தடயம்.

பெற்றோல் முள்ளை நம்பாதீர்கள். பழைய கார்களில் அது பொய் சொல்லும். சந்தேகம் இருந்தால் இரண்டு லீற்றர் ஊற்றிப் பாருங்கள். 2022 யூனில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனபோது பலர் தாங்கியின் அடிமட்டத்தில் காரை ஓடவிடப் பழகிவிட்டார்கள். அடியில் கிடக்கும் துருவும் கசடும் தண்ணீரும் முதலில் உறிஞ்சப்படுவது அப்போதுதான்.

இரண்டாவது கேள்வி: நெருப்பு இருக்கிறதா?

பிளக் ஒன்றைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். பெற்றோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, நெருப்பு இல்லை, அல்லது நெருப்புக்குத் தாங்காத அளவு பெற்றோல் வந்திருக்கிறது. காய்ந்து கிடந்தால் பெரும்பாலும் எரிபொருள் வரவில்லை. இந்த ஒரு பார்வையே பாதி வழக்கை முடித்துவிடும்.

நெருப்பை நேரில் பார்க்க, நல்ல பிளக் ஒன்றை வயரில் பொருத்தி, அதன் உலோக உடலை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில் தொடும்படி இருத்திவிட்டு ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, "டக் டக்" என்ற சத்தத்தோடு பொறி பாய வேண்டும். மஞ்சளாக, மெலிந்து வந்தால் அது பலவீனம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். கொயிலிலிருந்து வருவது பல ஆயிரம் வோல்ற், வயரைக் கையால் பிடிக்கக் கூடாது. பிளக் கழற்றிய துவாரத்தால் பெற்றோல் ஆவி வெளியே வரும், அதற்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. ஆகவே முதலில் பெற்றோல் பம்ப்பின் பியூஸைக் கழற்றிவிட்டு, சோதனைப் பிளக்கைத் துவாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

பொறி இல்லையென்றால் பின்னோக்கிப் போங்கள்: பிளக் வயர், டிஸ்ரிபியூட்டர் மூடி, அதற்குள் சுழலும் றோட்டர், கொயில், கொயிலுக்கு வரும் மின்சாரம். மழைக்குப் பின் ஸ்டார்ட் ஆகாத கார் என்றால் டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காய்ந்த துணியால் உள்ளே துடைத்துவிட்டுப் பாருங்கள். மூடிக்குள் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியாகக் கசிகிறது, மூடியை மாற்றத்தான் வேண்டும். இரவில் பொனற்றைத் திறந்து செல்ப் அடித்தால் வெடித்த வயர்களைச் சுற்றி நீலப் பொறி கசிவதைக் கண்ணாலேயே காணலாம்.

மொறிஸ் மைனர் போன்ற போயின்ற் உள்ள கார்களில் போயின்ற் முகங்கள் கருகியிருக்கின்றனவா, இடைவெளி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். நுண்ணிய எமரித் தாளால் துடைத்து, அளவு வைத்து இறுக்கினால் பெரும்பாலும் எழும்பிவிடும்.

மூன்றாவது கேள்வி: எரிபொருள் வருகிறதா?

தாங்கிக்குள் மின் பம்ப் உள்ள கார்களில், சாவியை ஒன் செய்ததும் பின் இருக்கைப் பக்கமிருந்து ஒன்றிரண்டு விநாடி மெல்லிய உறுமல் கேட்க வேண்டும். சில மாதிரிகளில் செல்ப் அடிக்கும்போதுதான் கேட்கும். கேட்கவில்லை என்றால் பம்ப் பழுது என்று உடனே முடிவெடுக்காதீர்கள். பியூஸ், றிலே, எர்த் என்ற ஒழுங்கில் பாருங்கள். பம்ப் றிலேயைப் போன்ற அதே வகை றிலே ஹோர்னுக்கோ வேறொன்றுக்கோ பூட்டியிருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், செலவில்லாத சோதனை. மாமாவின் காரில் பம்ப் நல்லது, றிலே நல்லது, எர்த் மட்டும் இல்லை. மெக்கானிக் ஒரு துண்டு வயரால் பம்ப்பின் எர்த் முனையை நேராகக் கார் உடலில் தொடுத்தார். உறுமல் கேட்டது. வழக்கு முடிந்தது.

காபரேட்டர் கார் என்றால் எஞ்சின் நிற்கும்போது எயார் கிளீனரைக் கழற்றி, காபரேட்டரின் தொண்டைக்குள் பார்த்தபடி அக்சலரேட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். வேகப் பம்ப் உள்ள காபரேட்டர்களில் மெல்லிய பெற்றோல் கோடு பாயும். பாயாவிட்டால் பில்டரையும் பம்ப்பையும் குழாயையும் பாருங்கள்.

அந்தப் பழைய சொட்டுச் சோதனையை இன்று செய்வதென்றால் போத்தலில் பெற்றோல் எடுத்து ஊற்றாதீர்கள். எஞ்சின் திருப்பி இருமினால் காபரேட்டர் வழியாக வரும் சுவாலை கையையும் முகத்தையும் பிடித்துவிடும். காபரேட்டர் கழுவும் ஸ்பிரேயை ஒரு விநாடி மட்டும் காற்று வழிக்குள் அடித்து, எயார் கிளீனரை மூடி, விலகி நின்று செல்ப் அடியுங்கள். ஓரிரு விநாடி பிடித்து நின்றால் எரிபொருள் பக்கம்தான் கோளாறு.

மாறாக, பெற்றோல் வாசனை மூக்கைத் துளைத்தால் எஞ்சின் மூழ்கியிருக்கிறது. அக்சலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி சில விநாடி செல்ப் அடியுங்கள். பல கார்களில் கணினி அதைப் புரிந்துகொண்டு எரிபொருளை நிறுத்தும், காபரேட்டர் கார்களில் காற்று அதிகம் போய்க் காயவைக்கும்.

வெள்ளத்துக்குப் பின் எரிபொருளையே சந்தேகிக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் போத்தலில் சிறிது பெற்றோல் எடுத்துக் கால் மணித்தியாலம் வையுங்கள். தண்ணீர் பாரமானது, அடியில் தனிப் படையாக நிற்கும். மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். நல்ல பெற்றோல் தடமில்லாமல் காய்ந்துவிடும், மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையை விட்டுச் செல்லும்.

நான்காவது கேள்வி: அழுத்தம் இருக்கிறதா?

நெருப்பும் எரிபொருளும் இருந்தும் ஸ்டார்ட் ஆகாத கார், அதுவும் தடையில்லாமல் வேகமாகச் சுழலும் கார் என்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். எஞ்சின் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். பல எஞ்சின்களில் உள்ளே கேம் தண்டின் ஒரு பகுதி தெரியும். இன்னொருவர் ஒரு கணம் செல்ப் அடிக்கும்போது அது அசையவில்லை என்றால் பெல்ட்டோ செயினோ அறுந்துவிட்டது. அதற்குமேல் ஒரு தடவைகூட அடிக்க வேண்டாம். சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி வளைந்துவிடும். பல ஜப்பான் கார்களில் டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றச் சொல்லப்பட்டிருக்கிறது. கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாத கார் என்றால், அது அறுமுன் மாற்றுவது மலிவு.

வாவி செய்யும் வேலை

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவிக்கும் கடலுக்கும் இடையில் வாழ்கிறோம். எழுவான்கரைக் கார்களுக்குக் கடல் காற்று, படுவான்கரைக் கார்களுக்கு வாவியின் ஈரமும் வயல் வீதிச் சேறும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அந்தத் துறையில் வாகனங்கள் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தன. உப்புத் தண்ணீர் அடியில் தெறித்த கார்கள் இன்னும் எங்களோடு ஓடுகின்றன.

உப்பு முதலில் தின்பது விலையுயர்ந்த பாகங்களை அல்ல. எர்த் வயர் இறுக்கிய இடங்கள், பியூஸ் பெட்டியின் கால்கள், வயர் இணைப்புகளின் ஊசிகள் ஆகியவைதான் அதற்கு முதலில் இரையாகின்றன. ஆகவே எங்கள் பகுதியில் ஒரு பாகத்தைக் குற்றம் சாட்டுமுன் அதற்குப் போகும் வயரையும் வரும் எர்த்தையும் பார்ப்பது விதியாக இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், பற்றரி எர்த், எஞ்சின் எர்த், பம்ப் எர்த் மூன்றையும் கழற்றிச் சுரண்டி, கிறீஸ் பூசி இறுக்குங்கள்.

2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் பார்த்ததுபோல வெள்ளம் காருக்குள் புகுந்திருந்தால் செல்ப்பையே தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை நசுக்க முடியாது, வளைவது எஞ்சினின் உள்தண்டுகள்தான். பற்றரியைக் கழற்றிவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஒயிலைப் பார்த்து, அது பால் நிறமாக இருந்தால் மாற்றிய பிறகே சாவி.

டீசல் வான்களுக்கு

டீசலுக்கு நெருப்புப் பிளக் இல்லை. அழுத்தத்தின் சூடே நெருப்பு. குளிர்ந்த காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஹீற்றர் பிளக்குகளையும் அவற்றின் றிலேயையும் பாருங்கள். டீசல் முடிந்து ஓடி நின்ற வான் என்றால் குழாய்களில் காற்று புகுந்திருக்கும். பில்டரின் மேலுள்ள கைப்பம்ப்பை அது இறுகும்வரை அமுக்கி, காற்றை வெளியேற்ற வேண்டும். டீசல் பம்ப்பிலுள்ள நிறுத்தும் சொலனொயிட்டுக்கு 12 வோல்ற் வருகிறதா என்றும் பாருங்கள். ஹீற்றர் பிளக் உள்ள எஞ்சினுக்குள் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கவே கூடாது, உள்ளே வெடித்துப் பாகங்களை உடைக்கும்.

கராஜுக்குப் போகும்போது

எல்லாவற்றையும் நாமே திருத்த வேண்டியதில்லை. ஆனால் கராஜில் "ஸ்டார்ட் ஆகுதில்லை" என்று மட்டும் சொன்னால் ஊகத்துக்கு இடம் கொடுக்கிறோம். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டு போங்கள்: செல்ப் சத்தம் எப்படி, பற்றரி எத்தனை வோல்ற், பிளக் ஈரமா காய்ந்ததா, பம்ப் உறுமியதா, கடைசியாக எப்போது ஓடியது, மழையா வெயிலா. எந்தப் பாகத்தையும் மாற்றச் சொன்னால், அது பழுது என்று எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்க மாட்டார், காட்டுவார். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

மாமா அந்தப் பழைய கொயிலைத் திருப்பி வாங்கி வைத்திருந்தார். மெக்கானிக் அதைப் பூட்டிப் பார்த்தார். நல்ல நீலப் பொறி வந்தது. இப்போது அது காரின் டிக்கியில், ஒரு மல்டிமீற்றரோடும் ஒரு முழ வயரோடும் எமரித் தாளோடும் கிடக்கிறது. "மறுகா ஒருத்தன் கொயில் போச்சு எண்டால் இதக் காட்டுவன் மகள்" என்று சொல்லிக்கொண்டு மாமா டிக்கியை மூடினார். அடுத்த மாதக் கிளினிக்குக்கு அம்மா அந்தக் காரில்தான் போனார்.